நோகாத கால்

பட்டு நெசவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கைகளைப் பற்றியே எழுதுகிறார்கள். புகைப்படக்காரர்களும் அப்படித்தான். நாடாவை வீசும் கை, ஜரிகையைப் பிரித்தெடுக்கும் விரல், அறுந்த இழையை முடியும் நகம். காரணம் எளியது. குழித்தறியில் கால் வெளியே தெரிவதில்லை. தரைமட்டத்தில் பலகையில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டிருப்பார் நெசவாளர். இருட்டில், மண்ணின் ஈரத்தில், வேலையில் பாதியைக் கால்கள் செய்துகொண்டிருக்கும். மிதியை அழுத்தினால்தான் விழுது ஏறும், பாவு பிரியும், ஊடை நுழைய வழி பிறக்கும். ஒரு சேலைக்குப் பல்லாயிரம் முறை அந்தக் கால் அழுந்தி எழ வேண்டும். எவ்வளவு ஆழம் அழுத்துவது, எப்போது விடுவது என்பதை எந்த நெசவாளரும் கண்ணால் பார்த்துச் செய்வதில்லை. வெறுங்கால் சொல்லும்.

ஆரணியில் எங்கள் தெருவில் செருப்பு என்பது வாசலில் விட்டுச் செல்லும் பொருள். தறி இருக்கும் இடத்துக்குள் யாரும் செருப்போடு நுழைய மாட்டார்கள். பட்டுக்குக் காட்டும் மரியாதை ஒருபுறம். செருப்பணிந்த காலுக்கு மிதி பேசாது என்பது மறுபுறம். ஐம்பது ஆண்டு அப்படி வெறுங்காலில் உழைத்த பாதம் எப்படியிருக்கும் என்பதை அப்பாவின் காலைப் பார்த்தால் தெரியும். முன்பாதம் விசிறிபோல் விரிந்திருக்கும். கட்டைவிரல் மற்றவற்றிலிருந்து விலகி, தனக்கென ஓர் அபிப்பிராயம் உடையதுபோல் நிற்கும்.

அந்தக் கால் பேச்சை நிறுத்தியது எந்த ஆண்டு என்று அப்பாவாலேயே சொல்ல முடியவில்லை. சர்க்கரை நோய் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் இரவில் எரிச்சல், பிறகு எறும்பு ஊர்வது, பிறகு ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை' வந்தபோது அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, எரிச்சல் போயிற்றே என்று. கடைத்தெருவிலிருந்து ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியாது. அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. மருத்துவர்களைக் கேட்டால் நரம்புத் தளர்ச்சியின் மிகப் பழகிய கதை இது என்பார்கள்.

தறியில் அது வேறு மாதிரி வெளிப்பட்டது. சேலையில் தப்பு விழத் தொடங்கியது. மிதி முழுதாக அழுந்தாமல் பாவு அரைகுறையாகப் பிரிந்து, சில இழைகள் மேலே நிற்க வேண்டியவை கீழே நின்றன. உடலில் சிறு சிறு மிதப்புகள். பட்டு முதலாளி அதைச் சுட்டிக்காட்டிக் கூலியில் பிடித்தபோது, அப்பா விழுதைச் சரிபார்த்தார், ஜக்கார்டு பெட்டியை இறக்கி அட்டைகளைச் சோதித்தார், பன்னையை மாற்றினார். தறியில் மாற்றக்கூடியவை அனைத்தையும் மாற்றிவிட்டு ஒருநாள் சொன்னார்: "காலு எங்க இருக்குதுன்னே தெரியல. குனிஞ்சி பாத்தாத்தான் தெரியுது."

குனிந்து பார்த்தபோதுதான் புண்ணும் தெரிந்தது. வலது கட்டைவிரலின் அடியில், முன்பாதத்தின் மேட்டில், மிதி படுகிற அதே இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவு. எத்தனை நாளாக இருந்ததோ. அப்பாவுக்கு வலிக்கவில்லை.

வேலூரில் ஒரு மருத்துவமனையில் நைலான் இழை ஒன்றைக் கொண்டு சோதித்தார்கள். பாதத்தில் வைத்து அழுத்தினால் பத்து கிராம் விசையில் வளையும் இழை அது. வளையும்போது தெரிந்தால் பாதுகாப்பான உணர்வு இருக்கிறது என்று பொருள். கண்ணை மூடச் சொல்லிப் பத்து இடங்களில் தொட்டார்கள். இழையை அறிவதே தொழிலாக வாழ்ந்த மனிதர், ஓர் இழை தொடுவதை அறியாமல் "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். அப்போது சோதனை முடிந்திருந்தது.

புண் ஆறுவதற்குப் பாதம் முழுதும் ஒட்டினாற்போல் மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு முறிவுக்குப் போடுவதுபோல் பஞ்சு நிறைய வைத்து அல்ல. தோலின் வடிவத்தையே அச்செடுப்பதுபோல், உடலின் எடை ஓரிடத்தில் குவியாமல் பாதம் முழுவதும், முழங்காலின் கீழ்வரை பரவும்படி. வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ பிரித்து மறுபடி போட்டார்கள். ஏழு வாரத்தில் புண் மூடியது. மருந்தைவிட அழுத்தம் நீங்கியதுதான் ஆற்றியது என்றார் மருத்துவர். பிறகு சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் சிக்கல் தொடங்கியது: "இனி வெறுங்காலில் ஒரு அடி வைக்கக் கூடாது; பொருந்தாத செருப்பையும் போடக் கூடாது."

பொருந்தும் செருப்புக்கு எங்கே போவது? நான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று உலகத்துக்கே தோல் காலணி அனுப்பும் வட்டாரத்தில் பிறந்தவன். ஆரணியிலிருந்து கிழக்கே செய்யாறு சிப்காட்டில் தைவான் முதலீட்டில் வந்த ஆலையில் நைக்கி ஷூக்கள் தைக்கப்படுகின்றன. தார் சுற்றிக்கொண்டிருந்த வீடுகளின் பெண்கள் பலர் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி அங்கே போகிறார்கள். இத்தனை காலணிகளின் நடுவே, ஒரு கிழவரின் காலுக்கு ஒரு ஜோடி கிடைக்கவில்லை. எட்டாம் எண்ணில் நீளம் சரியாக இருந்தால் அகலம் பிடித்தது. அகலத்துக்காகப் பத்தாம் எண் எடுத்தால் குதிகால் பின்னால் நழுவியது.

இந்த எண்ணே நம்முடையதல்ல என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் அளவு அது. ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதன் ஒரு படி. நீளத்தை மட்டும் சொல்லும். அகலத்தைப் பற்றி நம் கடைகளில் யாரும் பேசுவதில்லை. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையே, நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அந்த அளவீட்டின் முக்கியமான முடிவு. சொந்தமாக ஒரு அளவுமுறை வேண்டும் என்று முன்மொழிந்து அதற்கு 'பா' என்று பெயரும் வைத்தார்கள். நாம் நீண்ட காலமாக அகலம் போதாமல் ஒரு எண் கூடுதலாக வாங்கி, இறுக்கிக் கட்டி நடந்துகொண்டிருந்திருக்கிறோம்.

அப்பா இதற்கிடையே தாமாகவே ஒரு செருப்பை வாங்கிவந்தார். கடைக்காரர் 'டாக்டர் செருப்பு' என்று சொல்லிக் கொடுத்தாராம். அடியில் மெத்தென்ற ரப்பர். ஆனால் வாரின் உள்பக்கம் தையல் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்துவிட்டது. "கச்சிதமா இருந்துச்சி" என்றார். உணர்ச்சி குறைந்த காலுடையவர்கள் கச்சிதம் என்று சொல்வது பெரும்பாலும் இறுக்கத்தைத்தான். இறுக்கம் மட்டுமே அவர்களுக்கு எட்டுகிற செய்தி. சரியான அளவு தொளதொளப்பாகத் தோன்றும். இதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டோம்.

அதே குளிர்காலத்தில் தங்கை மகன் மியூனிக்கிலிருந்து தொலைபேசியில் பேசினான். அங்கே வேலைக்குப் போன மூன்றாம் ஆண்டு, ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தான். தாத்தாவின் செருப்புக் கதையைக் கேட்டுவிட்டு, தன் பூட்ஸ் கதையைச் சொன்னான். பனிச்சறுக்கு பூட்ஸ் என்பது பிளாஸ்டிக்கால் ஆன கெட்டி ஓடு. உள்ளே பஞ்சுபோன்ற ஓர் உறை. 1960-களில் அமெரிக்காவில் பாப் லாங்கே என்பவர் பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவரும்வரை தோலில் செய்துதான் அணிந்திருக்கிறார்கள். கால் லேசாகச் சாய்ந்தால் சறுக்குப்பலகை உடனே சாய வேண்டும். நடுவே ஒரு விரற்கடை இடம் இருந்தாலும் கட்டுப்பாடு போய்விடும். ஆகவே அங்கே இரண்டு மணி நேரம் உட்காரவைத்து அளவெடுக்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். உறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டில் காலை நுழைக்கச் சொல்வார்கள். விரல்கள் முன்னால் தொட்டு நிற்கும்போது குதிகாலுக்குப் பின்னே ஒன்றரை விரல் இடம் இருந்தால் அந்த ஓடு சரி. அளவு பாதத்தின் நீளத்தை நேரடியாகச் சென்டிமீட்டரில் சொல்லும். ஓட்டின் அகலம் மில்லிமீட்டரில். 98, 100, 102 என்று. ஆரணி மண்ணில் பிறந்த அவன் பாதம் அந்த மூன்றிலும் அடங்கவில்லை. தாத்தாவின் விசிறிக்கால் அவனுக்கும் வந்திருந்தது. கடைக்காரர் ஓட்டைச் சூடாக்கி, எலும்பு முட்டும் இடத்தில் உள்ளிருந்து அழுத்தி வெளியே புடைக்கவைத்தார். உறையைச் சூடாக்கிக் காலோடு சேர்த்து அச்செடுத்தார். பாதத்தின் வளைவுக்குத் தனியாக ஓர் அடித்தட்டு.

"ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் மாமா கேட்டார். எங்க வலிக்குது?" என்றான்.

அந்தக் கேள்வி என்னை வெகுநேரம் விடவில்லை. காலணி செய்கிற கலை முழுவதும் அந்த ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஆயிரம் யூரோ பூட்ஸ் செய்கிறவரும், ஆரணிப் பஸ் நிலையத்தருகே குடைக்கும் செருப்புக்கும் தையல் போடுகிறவரும், போட்டுப்பார்க்கச் சொல்லிவிட்டு வாடிக்கையாளரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். முகம் சுளித்தால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அணிகிறவனின் வலிதான் அளவுகோல். வலிக்காத காலுக்கு எப்படி அளவெடுப்பது?

இந்தக் கேள்விக்கு உலகத்தில் முதன்முதலாக மண்டையை உடைத்துக்கொண்டு விடை தேடிய இடங்களில் முக்கியமானது, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய வேலூர் என்பதை நான் அப்போதுதான் படித்து அறிந்தேன். அங்கே தேடப்பட்டது சர்க்கரை நோயாளிகளுக்காக அல்ல, தொழுநோயாளிகளுக்காக. பால் பிராண்ட் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயர், அறுவைச் சிகிச்சை மருத்துவர். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்று காட்டியவர் ராபர்ட் காக்ரேன். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அன்று மருத்துவர்கள் உட்பட எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் பொறுமையாகக் கவனித்து வேறொன்றைக் கண்டார். நோய் நரம்பைக் கொல்கிறது, வலி போய்விடுகிறது, பிறகு அன்றாட வாழ்க்கையே கையையும் காலையும் தின்றுவிடுகிறது. சூடான பாத்திரம், துருத்திய ஆணி, பொருந்தாத செருப்பு.

காலணிக்காக அவரும் உடனிருந்தவர்களும் பட்டபாடு பெரிய கதை. மரம், பிளாஸ்டிக் என்று பலவற்றைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபின் அந்த வேலை அங்கே தொடர்ந்தது. காற்றுக் குமிழிகள் நிறைந்த மென்மையான ரப்பரை அடித்தட்டாக வைக்கும் எம்.சி.ஆர். செருப்பு இந்தியத் தொழுநோயாளிகளின் காலணியாக நிலைபெற்றது அப்படித்தான். மேலே மென்மை, கீழே முள் ஏறாத கெட்டி அடி, எங்கும் ஆணி கிடையாது, குதிகாலைப் பிடிக்கப் பின்வார். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மென்மை கூடினால் அமுங்கித் தரையைத் தொட்டுவிடும், குறைந்தால் பலனில்லை. அந்த நடு அளவைப் பிடிப்பதில்தான் எல்லாம் இருந்தது.

பிராண்ட் கண்டவற்றுள் என்னை அதிகம் பாதித்தது வேறொன்று. பாதத்தில் புண் வருவது பெரும்பாலும் ஒரு பெரிய காயத்தால் அல்ல. தனித்தனியாக எந்தத் தீங்கும் செய்யாத சிறிய அழுத்தம், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழுவதால். நாம் நெடுந்தொலைவு நடக்கும்போது நம்மை அறியாமலே காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறோம். பாதத்தின் ஒருபக்கம் கன்றிவிட்டால் மறுபக்கம் சாய்கிறோம். லேசான வலி அந்த ஏற்பாட்டைச் செய்கிறது. உணர்விழந்தவர் முதல் அடியையும் ஐயாயிரமாவது அடியையும் ஒரே மாதிரி வைப்பார். இதைப் படித்தபோது நான் நினைத்தது நடையை அல்ல, மிதியை.

பிராண்டைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். ஒருமுறை லண்டனில் இரவு காலுறையைக் கழற்றும்போது தம் குதிகாலில் உணர்வில்லை என்று கண்டார். ஊசியால் குத்திப்பார்த்தார், தெரியவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார், சுரீரென்று வலித்தது. நெடுநேரப் பயணத்தில் நரம்பு அமுங்கி மரத்திருந்ததுதான் காரணம். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். 1966-இல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். மாவுக்கட்டு முறையும் காலணிப் பாடங்களும் அவரோடு போயின. தொழுநோயாளியின் காலுக்கும் சர்க்கரை நோயாளியின் காலுக்கும் நடப்பது ஒன்றே என்பதை அங்கே உலகம் ஏற்றுக்கொண்டது. அப்பாவின் காலில் போட்ட கட்டு, இந்தியத் தொழுநோய் மருத்துவமனைகளில் உருவாகி அமெரிக்கா சுற்றித் திரும்பி வந்தது. இப்போது அதற்குத் தேவையும் நிறைய. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கும் மேல்.

இனி அப்பாவின் செருப்பு. மருத்துவமனையின் காலணிப் பிரிவு பின்கட்டில் ஒரு சிறிய கூடம். ரப்பர்ப் பசையின் வாசனை, உரசும் சக்கரத்தின் இரைச்சல், சுவரில் மாட்டிய மரக்கால்கள். அளவெடுத்த தம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். "ஐயா, எங்கே வலிக்குது" என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. முதலில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தின் எல்லையைத் தாளில் வரைந்தார். பிறகு மை தடவிய வரிவரியான ரப்பர் விரிப்பின்மேல் தாளை வைத்து அப்பாவை நடக்கச் சொன்னார். அழுத்தம் அதிகமான இடத்தில் மை கறுத்து விழும். கட்டைவிரலின் அடியில் தாள் தார்போல் கறுத்திருந்தது. பாதத்தின் நடுவில் வெறும் சாம்பல். அப்பா அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சேலைக்கு வரைகட்டம் பார்க்கிற அதே பார்வை. "இந்த எடத்துல எடையக் கொறைக்கணும், அவ்ளோதானே தம்பி?" என்றார். "அவ்வளவுதான் ஐயா. அதுதான் கஷ்டம்" என்றார் அவர்.

பிறகு பாதத்தை அழுத்தி அச்செடுத்து, அந்த அச்சுக்கு மேல் மென்தட்டைச் சூடாக்கி வளைத்தார். புண்ணிருந்த இடத்துக்குக் கீழே பள்ளம். அந்தப் பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு மேடு, எடையைத் தாங்கிக்கொள்ள. விறைத்துப்போன கட்டைவிரல் மடங்க வேண்டாம் என்பதற்காக அடிப்பாகத்தை முன்னே படகுபோல் தூக்கினார். ஒட்டும் பட்டைகளோடு மூன்று வார்கள், பாதம் மாலையில் வீங்கினால் தளர்த்திக்கொள்ள.

முதல் ஜோடி வந்ததும் அரை மணி நேரம் நடக்கவைத்தார். கழற்றி, பாதத்தைப் பார்த்தார். எங்கே சிவந்திருக்கிறது, அந்தச் சிவப்பு எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார். பிறகு புறங்கையால் இரண்டு பாதங்களையும் மாறி மாறித் தொட்டார். ஓரிடம் மற்றதைவிடச் சூடாக இருந்தால் உள்ளே தசை நசுங்குகிறது என்று அர்த்தம். சொல்ல முடியாத காலுக்காக இன்னொரு மனிதனின் கை பேசியது. இரண்டாம் விரலின் பக்கம் சூடு இருந்தது. கழற்றி இரண்டு மில்லிமீட்டர் சீவினார். அடுத்த வாரம் மறுபடி. அதற்கடுத்த வாரம் மறுபடி. நான்காவது வாரம்தான் கொடுத்தனுப்பினார்.

வாரின் விஷயத்தில் அப்பா ஒரு திருத்தம் சொன்னார். உள்பக்கம் விரலைவிட்டுத் தடவி, தையலின் முடிச்சு உள்ளே இருக்கிறது, திருப்பிப் போடுங்கள் என்றார். அந்தத் தம்பி தடவிப்பார்த்தார். அவருக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அப்பாவின் விரலில் உணர்வு இன்னும் முழுதாக இருந்தது. சர்க்கரை நோய் முதலில் நீண்ட நரம்புகளை, அதாவது பாதங்களைத்தான் பிடிக்கும். ஒற்றைப் பட்டிழையின் பிசிறைத் தேடியறியும் விரல் அது. தையலைப் பிரித்துத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து அப்பா தினமும் காலையில் செருப்பை அணியுமுன் உள்ளே கையைவிட்டுத் தடவிப்பார்க்கிறார். மருத்துவமனையில் கொடுத்த துண்டுத்தாளிலும் இது இருக்கிறது. ஆனால் தாளைப் படித்துச் செய்வதாகத் தோன்றாது, பாவைத் தடவுவதாகத்தான் தோன்றும்.

செருப்பு பொருந்திவிட்டது. ஊர் பொருந்தவில்லை. கறுப்பு நிறம், பருத்த அடி, பின்வார். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தத் தோற்றம் என்ன என்று தெரியும். "கரிகிரியில குடுக்குற செருப்பாட்டம் இருக்குதே" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அப்பா மூன்று நாள் வெளியே வரவில்லை. இந்தப் பிரச்சினை புதிதல்ல. காலைக் காப்பாற்றும் செருப்பே நோயை ஊருக்கு அறிவிக்கிறது என்று தொழுநோயாளிகள் அதை அணிய மறுத்ததை அத்துறையில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நோய் தீர்ந்தவர்களும் கடைத்தெருவுக்குச் சாதாரணச் செருப்பில் போய்ப் புண்ணோடு திரும்பியிருக்கிறார்கள். சென்னை ராயபுரத்து நீரிழிவு மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சிகிச்சைக் காலணி அணிந்தவர்களுக்குப் புதிய புண்கள் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. அணிந்தவர்களுக்கு என்பதுதான் முக்கியம். அந்தத் தம்பியிடம் சொன்னோம். மேல்தோலைப் பழுப்பு நிறத்தில் மாற்றி, முன்பக்கத்தைச் சாதாரணச் சாண்டல்போல் வெட்டிக் கொடுத்தார். அப்பா மறுநாள் டீக்கடைக்குப் போனார்.

தறி பாக்கி இருந்தது. மருத்துவர் வேண்டாம் என்றே சொன்னார். அறுபத்தாறு வயது, போதும் என்று நாங்களும் சொன்னோம். அப்பா பதில் சொல்லாமல் தறி வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். செருப்போடு குழியில் இறங்கிப் பார்த்தார். இரண்டு மிதிகளும் ஒன்றாக அழுந்தின. அந்தச் செருப்பு நடப்பதற்கு, மிதிப்பதற்கு அல்ல. காலணிப் பிரிவுக்குப் போனபோது இதை அவர் சொல்ல, தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, வெட்டி மிஞ்சிய எம்.சி.ஆர். தகடு இரண்டை எடுத்துக் கொடுத்தார். செருப்பைக் காலில் போட முடியாவிட்டால் தறிக்குப் போடுங்கள் என்றார். அப்பா ஊர்த் தச்சரிடம் மிதிகளை அகலமாக இழைக்கச் சொல்லி, அவற்றின்மேல் அந்த ரப்பரை ஒட்டினார். கட்டைவிரலின் மேடு படும் இடத்தில் உள்ளங்கை அளவு பள்ளமாகச் சீவினார். காலில் மெல்லிய பருத்தி உறை. அரை மணிக்கு ஒருமுறை கழற்றி, பேத்தியைக் கூப்பிட்டுப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். சூடா, சில்லென்றா என்று அவள் சொல்ல வேண்டும். மருத்துவருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுவிட்டார்.

கால் இன்னும் பேசவில்லை. மிதி முழுதாக அழுந்தியதா என்பதை அப்பா இப்போது காதால் அறிகிறார். ஜக்கார்டு பெட்டியில் கொக்கிகள் ஏறி நிற்கும்போது ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டபிறகே நாடாவை வீசுகிறார். வேகம் பாதியாகிவிட்டது. இருபது நாளில் இறங்கிய சேலைக்கு இப்போது மூன்று மாதம். முதலாளி பெரிய கோர்வைச் சேலைகளைக் கொடுப்பதில்லை, சாதாரண உடல், சிறிய பேட்டு. தப்பு மட்டும் குறைந்துவிட்டது.

ரப்பர் ஆறேழு மாதத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. அப்பா புதிதாக வாங்கும்போதே அடித்தட்டின் கனத்தை ஒரு நூலில் முடிச்சிட்டு அளந்து ஆணியில் மாட்டிவிடுகிறார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்தபின் அந்த நூலை எடுத்துச் செருப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார். போன மாதம் பார்த்துவிட்டு, வலதுகால் பக்கம் அரை இழை இறங்கியிருக்கிறது, வேலூருக்குச் சீட்டுப் போட்டு வை என்றார். நான் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐந்தாவது ஜோடிக்கு அளவெடுக்க வரும் வியாழக்கிழமை போகிறோம்.